"மாத்திடலாம் சார்" - ஒரு டீசல் வண்டிக்காரனின் புலம்பல்

மக்களே, இந்தப் பதிவு முழுக்கக் கடுப்புல எழுதுறது. கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கங்க.

என்கிட்ட ஒரு பழைய சின்ன டீசல் கார் இருக்கு. டேங்க் 40 லிட்டர். போன மாசம் அப்பாவைக் கூட்டிக்கிட்டு தர்மபுரியில இருந்து சேலம் வந்துக்கிட்டு இருந்தேன். ராத்திரி நேரம். டீசல் முள்ளு கால் டேங்க் காட்டுது, நானும் நம்பினேன். தொப்பூர் இறக்கத்துல முன்னாடி போன லாரி திடீர்னு மெதுவாச்சு. கிளட்ச்சை மிதிச்சேன், இன்ஜின் பொசுக்குனு நின்னுடுச்சு. ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சு. ரெண்டு தடவை மிதிச்சதும் பிரேக்கும் இறுகிடுச்சு. இன்ஜின் நின்னா பிரேக்குக்குத் துணையா இருக்கற வாக்குவமும் தீர்ந்துடும், அதான் காரணம். எப்படியோ ஓரம் கட்டினேன். அப்பா ஒண்ணுமே பேசலை, என் கையைப் பிடிச்சுக்கிட்டார். தொப்பூர் பத்தித் தெரிஞ்சவங்களுக்கு நான் மேல சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் வண்டியை இழுத்துக்கிட்டு ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போனேன். பேர் வேண்டாம். ஏசி ரூம், காபி, டை கட்டின தம்பி. ஸ்கேனரை மாட்டினாங்க. பி0087னு ஒரு கோட் வந்துச்சு. "நாலு இன்ஜெக்டரும் போச்சு சார், ஹை பிரஷர் பம்பும் டவுட்டு. மாத்திடலாம் சார்". எஸ்டிமேட் 1,12,000 ரூபாய். வண்டியை வித்தாலே அதைவிடக் கொஞ்சம்தான் கூட வரும்!

இங்கதான் எனக்குக் கோபமே. பி0087ன்னா ரெயில்ல டீசல் அழுத்தம் குறைவுன்னு அர்த்தம். அவ்வளவுதான். ஏன் குறைவுன்னு அது சொல்லாது. டேங்க்ல டீசல் இல்லைன்னாலும் குறையும், ஃபில்டர் அடைச்சாலும் குறையும், ஹோஸ் வழியா காத்து இழுத்தாலும் குறையும். இதெல்லாம் பார்த்துட்டு கடைசியா வர வேண்டிய ஆளுங்கதான் பம்பும் இன்ஜெக்டரும். ஜுரம்னு போனவனுக்குத் தெர்மாமீட்டரைப் பார்த்ததும் கிட்னியை மாத்தலாம்னு சொல்ற டாக்டரை நாம சும்மா விடுவோமா?

"டேங்க்ல டீசல் இருக்கான்னு பார்த்தீங்களா?"ன்னு கேட்டேன். "கால் டேங்க் காட்டுது சார்". முள்ளை நம்பி நான் தொப்பூர்ல நின்னேன். அதே முள்ளை நம்பி இவங்க லட்ச ரூபாய் கேக்கறாங்க!

வண்டியைத் திரும்ப இழுத்துக்கிட்டு, நண்பர் சொன்ன ஒரு பழைய மெக்கானிக்கிட்ட போனேன். அண்ணன் ஸ்கேனரைத் தொடவே இல்லை. பின் சீட்டைத் தூக்கினார், மூடியைக் கழட்டினார், டார்ச் அடிச்சார். "தம்பி, உள்ள வந்து பாருங்க". டேங்க் காய்ஞ்சு கிடக்கு. மிதவையோட கம்பி கொஞ்சம் வளைஞ்சு, கால் டேங்க் அளவுல சிக்கி நிக்குது. கேன்ல இருந்து 5 லிட்டர் ஊத்தினார். ஃபில்டர் பக்கத்துல இருக்கற கை பம்பை இறுகற வரைக்கும் அமுக்கிக் காத்தை வெளியேத்தினார். மூணாவது கிராங்க்ல வண்டி உறுமுச்சு. பக்கத்து பங்க்ல ஃபுல் பண்ணினேன், இன்னும் 34 லிட்டர் போச்சு. ஆக மொத்தம் 39. கால் டேங்க் நிஜமாவே இருந்திருந்தா 30 லிட்டருக்கு மேல எப்படிய்யா பிடிக்கும்? கூலி 850 ரூபாய்.

என் தப்பும் இருக்கு, மறைக்கலை. ட்ரிப் மீட்டர்ல 690 கிலோமீட்டர் ஓடியிருந்துச்சு. என் வண்டி லிட்டருக்கு 18 தரும். வகுத்துப் பார்த்தா 38 லிட்டர் தீர்ந்துடுச்சுன்னு சின்னப் பையனே சொல்லுவான். முள்ளு பொய் சொல்லலாம், கணக்கு சொல்லாது. அதோட, ஹை பிரஷர் பம்புக்கு டீசல்தான் எண்ணெய். வறட்டு ஓட்டம் ஓட்டினா நிஜமாவே அது தேய்ஞ்சு போகும். அப்புறம் அந்த எஸ்டிமேட் உண்மையாயிடும்.

சர்வீஸ்ல இருக்கற நண்பர்கள் "எங்களுக்கு டார்கெட் இருக்கு, பொறுமையாப் பார்க்க நேரம் கிடையாது"ன்னு சொல்லலாம். புரியுது. ஆனா உங்க டார்கெட்டுக்கு என் பர்ஸ் ஏன் பலியாகணும்?

நாம கேக்கப் பழகணும் மக்களே. இன்ஜெக்டர் போச்சுன்னா, "ரிட்டர்ன் டெஸ்ட் பண்ணிக் காட்டுங்க"ன்னு கேளுங்க. ஒவ்வொரு இன்ஜெக்டர்ல இருந்தும் திரும்பி வர டீசலை பாட்டில்ல பிடிச்சு அளந்தா, எது கெட்டதுன்னு கண்ணுக்கே தெரியும். கேஜ் போச்சுன்னா, மிதவையைக் கையால மேலயும் கீழயும் அசைச்சு மீட்டர்ல காட்டச் சொல்லுங்க. ரெசிஸ்டன்ஸ் சீரா மாறணும், நடுவுல குதிக்கக் கூடாது. எர்த் ஒயர் துருப்பிடிச்சிருக்கான்னும் பாருங்க. காட்ட மாட்டேன்னா சாவியை வாங்கிக்கிட்டு நடையைக் கட்டுங்க.

அப்பா இப்பல்லாம் வண்டியில ஏறினதும் முதல்ல ட்ரிப் மீட்டரைத்தான் பார்க்கறார் :-)

டிஸ்கி: எல்லா சர்வீஸ் சென்டரும் இப்படின்னு சொல்ல வரலை. உங்களுக்கு நல்லது நடந்திருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, சந்தோஷமாப் படிப்பேன். திட்டறதா இருந்தாலும் ஓகே, ஆனா டேங்க்கைத் திறந்து பார்த்துட்டுத் திட்டுங்க!