இடப்பக்கத்து இருக்கை

தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு வரும் தேசிய நெடுஞ்சாலை தொப்பூர்க் கணவாயில் இறங்குமிடத்தில், பாரம் ஏற்றிய லாரி ஒன்று பிரேக் பிடிக்காமல் முன்னே போன வாகனங்களின் மேல் மோதிற்று என்ற செய்தியை வாசகர்கள் எத்தனையோ முறை படித்திருப்பார்கள். டீசலை மிச்சம் பிடிக்க எண்ணி டிரைவர் வண்டியை நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்தார் என்ற வாசகமும் அச்செய்தியோடு அநேகமாகச் சேர்ந்தே வரும். படித்த மாத்திரத்தில் அந்த மனிதரின் பேராசையையும் அஜாக்கிரதையையும் நிந்தித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். அந்த நிந்தனை முழுதும் அநியாயம் என்று நான் வாதிக்க வரவில்லை. அது பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது என்பதுதான் என் கட்சி.

இறக்கத்தில் கியரைக் குறைத்துப் பிடித்தால் எஞ்சினே வண்டியை அடக்கி இழுக்கும்; பிரேக்கை அவ்வப்போது தொட்டால் போதும். நியூட்ரலில் விட்டாலோ, இருபது முப்பது டன் பாரத்தின் வேகம் முழுவதும் பிரேக்கின் தலையில் வந்து விழுகிறது. மிதித்த காலை எடுக்காமல் கிலோமீட்டர் கணக்காக இறங்கும்போது டிரம் கொதித்து, லைனிங் பிடிப்பை இழந்து, பெடல் காலடியில் இருந்தும் வண்டி நிற்காத நிலை வந்து சேர்கிறது. இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. இக்காலத்து எஞ்சின்களில், கியரில் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் டீசல் வரத்தே நின்றுபோகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் ஓடுவதற்கு டீசல் செலவாகிறது. எதை மிச்சம் பிடிப்பதற்காக அம்மனிதர் பிராணனைப் பணயம் வைக்கிறாரோ, அது அந்த மலைச்சரிவில் மிச்சமாவதே இல்லை. இதை அவருக்கு யார் சொன்னார்கள்?

ஒரு தலைமுறைக்கு முன்பு சொல்வதற்கு ஆள் இருந்தது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் மழை பொய்த்த மானாவாரி நிலத்தை விட்டு லாரித் தொழிலுக்கு வந்த பையன் எவனும் முதல் நாளே ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. கிளீனராக இடப்பக்கத்து இருக்கையில் ஏறி, தார்ப்பாய் கட்டவும், கம்பியால் டயரைத் தட்டி அதன் சத்தத்திலேயே காற்றுக் குறைவை அறியவும், மேட்டில் நின்ற வண்டியின் சக்கரத்துக்குக் கட்டை போடவும், பின்னால் எடுக்கும்போது இறங்கி நின்று குரல் கொடுக்கவும் கற்று, அண்ணன் என்றே அழைத்துப் பழகிய டிரைவரிடம் திட்டும் சில சமயம் குட்டும் வாங்கி, எந்த வளைவில் எந்தக் கியர் என்பதை வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்ட பிறகே, ஆளரவமற்ற சாலையில் ஒரு நாள் அண்ணன் இறங்கி அவனுக்கு வலப்பக்கத்து இருக்கையைக் கொடுப்பார். அந்தச் சம்பிரதாயத்தில் கொடுமைகள் இருந்தன. கூலி அற்பம், வயதுக் கணக்கு எவரும் பார்த்ததில்லை. அதைப் பொற்காலம் என்று கொண்டாட நான் தயாராக இல்லை. ஆயினும் அது ஒரு பள்ளிக்கூடம்; அதை மூடிவிட்டு வேறொன்றை நாம் திறக்கவில்லை.

மூடியது யாருடைய துர்ப்புத்தியும் அன்று. டீசல், சுங்கக் கட்டணம், இன்ஷூரன்ஸ், வண்டிக் கடனின் மாதத் தவணை இவ்வளவும் போக வாடகையில் கையில் நிற்பது சொற்பம் என்றான போது, உரிமையாளர் முதலில் குறைத்தது கிளீனரின் படியை. தேசியப் பர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர்கள் இருக்கவேண்டும் என்றிருந்த விதியும் பிற்பாடு தளர்த்தப்பட்டது. போக்குவரத்து வாகன ஓட்டிகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற நிபந்தனையை 2019-இல் நீக்கினார்கள். ஏழைக்கு வழி திறக்கும் காரியமாதலால் அதை நான் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் ஏட்டுக்கல்வி போன இடத்தில் தொழிற்கல்வி வந்திருக்க வேண்டாமா? கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனம் கனரக வாகனப் பயிற்சி அளித்து வருகிறது, நல்ல காரியந்தான். எனினும் பெரும்பாலோர் ஊர்ப் பயிற்சிப் பள்ளியின் பழைய வண்டியில், சமதரையில், பாரமின்றி ஓட்டிக் காட்டித்தான் கனரக லைசென்ஸ் பெறுகிறார்கள். மலைச்சாலையில் பாரத்தோடு இறங்குவது எப்படி என்பதை அவர்கள் மலைச்சாலையிலேதான், தனியாகத்தான், கற்கவேண்டியிருக்கிறது.

அந்த இருக்கை காலியானதால் நேர்ந்த இரண்டாவது நஷ்டம் நித்திரையைப் பற்றியது. இரவு இரண்டு மணிக்கு மேல் பேச்சுக் கொடுப்பதற்கும், கண் செருகும்போது தோளைத் தொட்டு எழுப்புவதற்கும் பக்கத்தில் எவரும் இல்லை. பதினேழு மணி நேரம் தூங்காதிருப்பவனுடைய கைகால்களின் நிதானம், இரத்தத்தில் நூறு மில்லிக்கு ஐம்பது மில்லிகிராம் சாராயம் ஏறியவனுடைய நிதானத்துக்குச் சமம் என்று விஞ்ஞானிகள் 1990-களிலேயே சோதித்துக் காட்டினார்கள். நம் நாட்டுச் சட்டம் ஓட்டுநருக்கு அனுமதிக்கும் அளவு முப்பது. குடித்தவனைக் கண்டுபிடிக்க ஊதச் சொல்லும் கருவியோடு போலீஸார் சாலையில் நிற்கிறார்கள், தூங்காதவனைக் கேட்பாரில்லை. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் நான்கே விநாடி கண் மூடினாலும், வண்டி அறுபத்தைந்து மீட்டருக்கு மேல் குருடாகப் பாய்ந்துவிடுகிறது.

அவர் ஏன் தூங்கவில்லை என்றால், ஓடின நேரத்துக்குத்தான் பணம். மாதச் சம்பளமில்லாமல் டிரிப்புக் கணக்கில் படி வாங்குகிறவருக்கு, லோடு ஏற்றக் காத்துக்கிடப்பதும் இறக்கக் காத்துக்கிடப்பதும் தண்டனைக் காலமே. சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் வரிசையாக நின்ற காட்சியைக் கண்டவர்கள், நகர்ந்தும் நகராமலும் நிற்கும் அவ்வரிசையில் குளிக்கவும் மலஜலம் கழிக்கவும் வசதியற்று, தூங்கினால் முறை போய்விடுமே என்று விழித்திருக்கும் டிரைவர்களையும் கண்டிருப்பார்கள். அங்கே இழந்த நேரத்தை அவர் ஈடுகட்டுவது எங்கே? நாமும் நம் குடும்பமும் பிரயாணம் செய்கிற நெடுஞ்சாலையில்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1961-இல் நிறைவேறிய மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்று வேலை நேரத்தை வரையறுத்தது. நீண்ட தூர ஓட்டத்துக்குப் பத்து மணி வரை இடம் கொடுத்தது. ஆனால் ஐந்து தொழிலாளர்களுக்குக் குறைந்த நிறுவனங்கள் அதன் கைக்கு எட்டாதவையாக இருந்தன. நம் நாட்டு லாரிகளில் பெரும்பகுதி ஒன்றும் இரண்டும் வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களுடையவை. 2020-இல் அச்சட்டத்தைத் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்த்தார்களே ஒழிய, இந்தச் சிறு உரிமையாளரின் வண்டியை நள்ளிரவில் நிறுத்தி, நீ எத்தனை மணிக்குப் புறப்பட்டாய் என்று கேட்பதற்கு ஓர் அதிகாரியை நியமிக்கவில்லை. ஐரோப்பிய நாடுகளில் நாலரை மணி ஓட்டத்துக்குப் பின் முக்கால் மணி ஓய்வு கட்டாயம். அதைக் குறித்துவைக்கும் கருவி வண்டிக்குள்ளேயே இருக்கிறது.

தண்டனை என்று வரும்போது மாத்திரம் நமக்கு வேகம் வந்துவிடுகிறது. விபத்தில் உயிர் போக, தகவல் சொல்லாமல் ஓடிவிடும் ஓட்டுநருக்குப் பத்து வருஷம் வரை சிறை என்று புதிய குற்றவியல் சட்டமான நியாய சங்கிதை விதித்ததும், 2024 ஜனவரியில் பல மாநிலங்களில் லாரிகள் நின்றன; மற்றப் பிரிவுகள் அவ்வாண்டு ஜூலையில் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் ஒத்திவைத்தார்கள். சிறைப் பயம் தூக்கத்தை விரட்டும் என்று எண்ணியவர்கள் ஒரே ஓர் இரவு லாரியில் போய் வந்திருக்கலாம். 2025 அக்டோபர் முதல் தயாராகும் சரக்கு லாரிகளின் கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்ற உத்தரவு அவ்வகையில் எவ்வளவோ மேல். சூட்டில் வெந்து களைக்கிற உடம்பை நினைத்துப் பார்த்த உத்தரவு அது. 2022-ஆம் ஆண்டில் நாட்டிலேயே அதிகமாக, 64,105 சாலை விபத்துகள் பதிவான மாநிலம் நம்முடையது. மத்திய அரசின் உத்தரவுகளுக்காகக் காத்திராமல் நாமே தொடங்கவேண்டிய காரியங்கள் உண்டு.

முதலில் அந்த இடப்பக்கத்து இருக்கை நிரம்பட்டும். தொழில் பழகுநர் சட்டமும் அதே 1961-இல் பிறந்ததுதான். ஆலைகளில் பழகும் பையன்களின் உதவித்தொகையில் ஒரு பங்கை அரசு ஏற்கிறது. பதினெட்டு வயது நிரம்பிய கிளீனரையும் பழகுநர் என்று பதிந்து, அவனுக்கும் அப்பங்கை அளித்து, மலைச்சாலையில் பாரத்தோடு இத்தனை மணி நேரம் ஓட்டினான் என்று அனுபவமுள்ள டிரைவர் ஒருவர் கையெழுத்திட்ட பிறகே கனரக லைசென்ஸ் என்று விதித்தால், கஜானா காலியாகிவிடாது. தனித்தனி உரிமையாளரால் இயலாததைச் சங்கங்கள் கூடிச் செய்யலாம். சரக்கை அனுப்புகிற ஆலை முதலாளிகளும் வியாபாரிகளும், தங்கள் வாசலில் லாரி காத்துக்கிடக்கும் ஒவ்வொரு மணிக்கும் டிரைவருக்குப் படி தருவதாக ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கட்டும். நாமக்கல், சங்ககிரி லாரி உரிமையாளர் சங்கங்கள் அடுத்த வாடகைப் பேச்சுக்கு உட்காரும்போது, டீசல் விலைக்கு முன்னால் இந்த ஒரு வரியைக் கேட்கவேண்டும்.