புகைப்படத்தில் இல்லாத பாதி வீடு



நம் ஊர்களில் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. திண்ணையும் தலைவாசலும் முற்றமும் இருந்த இடத்தில், கீழே வாகனம் நிறுத்துமிடமும் மேலே மூன்று மாடிகளுமாகப் புதிய கட்டடம் எழுகிறது. குடும்பங்கள் பெருகும்போது இது தவிர்க்க இயலாதது. அதைக் குறைகூற நாம் இதை எழுதவில்லை. இடிபட்ட வீட்டின் பழைய புகைப்படம் ஒன்றை எடுத்து, அதைப் பார்த்து அக்ரிலிக் வண்ணத்தில் ஓவியம் தீட்டிப் புதிய வீட்டின் சுவரில் மாட்டும் பிள்ளைகளை இப்போது பல வீடுகளில் காண்கிறோம். அந்தப் பிள்ளைகளிடம் பெரியவர்களில் சிலர், "இது மார்க்கத்தில் கூடுமா?" என்று கேட்கின்றனர். வேறு சிலர், "போட்டோவையே பெரிதாக்கி மாட்டிவிடலாமே, இத்தனை பாடு எதற்கு?" என்று கேட்கின்றனர். இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் விடை சொல்ல வேண்டியது நம் கடமை.

முதல் கேள்விக்கு நம் முன்னோர் தெளிவான வழியை விட்டுச் சென்றுள்ளனர். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் ஒருவர் வந்து, படம் வரைவதே தம் பிழைப்பு என்று சொன்னார். உருவம் வரைவோர் குறித்து நபி (ஸல்) அவர்கள் விடுத்த எச்சரிக்கையை இப்னு அப்பாஸ் (ரலி) அவருக்கு எடுத்துரைத்தார்கள். கேட்டவரின் முகம் வெளிறிற்று. அதைக் கண்டதும், வரைந்தே ஆகவேண்டுமென்றால் மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரையுமாறு அவருக்கு வழிகாட்டினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. உயிருள்ளவற்றைக் கையால் வரைவதைத் தடுத்த அறிஞர்களும் வீடு, மரம், மலை, கடல் ஆகியவற்றை வரைவதற்கு இதையே ஆதாரமாகக் காட்டுவர்.

நம் கட்டடக்கலை வரலாறும் இதற்குச் சான்று பகரும். உமய்யா கலீஃபா அல்வலீத் கட்டுவித்து, கி.பி. 715 அளவில் நிறைவுற்ற திமிஷ்க் பெரிய பள்ளிவாசலின் சுவர்களில், வண்ணக் கண்ணாடிச் சில்லுகளால் ஆறுகளும் மரங்களும் மாளிகைகளும் வீடுகளும் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றில் மனித உருவமோ விலங்கின் உருவமோ இல்லை. அல்லாஹ்வின் இல்லத்துச் சுவரிலேயே வீடுகளின் படங்கள் இத்தனை நூற்றாண்டுகளாக நிலைத்திருக்க, தன் பாட்டியின் வீட்டை வரைய அமர்ந்த ஒரு பெண்பிள்ளையின் கையிலிருந்து தூரிகையைப் பிடுங்குவது முறையாகாது. உயிருள்ளவற்றுக்கும் உயிரற்றவற்றுக்கும் உள்ள வேறுபாட்டை அவளுக்குக் கற்றுக்கொடுங்கள். வரையாதே என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு விடையாக எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம்.

காயல்பட்டினத்தில் எங்கள் உம்மம்மாவின் வீடு விற்கப்பட்டு இடிக்கப்பட்டது. உம்மம்மாவுக்குப் பெண்மக்கள் இருவர். பங்கில் எக்குறையும் இல்லை; எல்லாம் ஷரீஅத்தின்படியே பிரிக்கப்பட்டது. ஆயினும், விலை பேசி முடித்த பிறகே தமக்குச் சொன்னார்கள் என்பது மூத்தவரின் மனத்தாங்கல். அன்று நின்ற பேச்சு ஆறாண்டுகள் நின்றேவிட்டது. ஒரே ஊர், நான்கு தெரு தூரம், பெருநாளுக்குக்கூடப் போக்குவரத்து இல்லை. ஒருவர் தம் சகோதரரோடு மூன்று நாளுக்கு மேல் பேசாதிருப்பது கூடாது என்ற நபிமொழியை நாங்கள் எல்லோரும் அறிந்தவர்களே. அறிந்தும் ஆறாண்டுகள் கடந்தன.

இளையவரின் மகள் கல்லூரி மாணவி. 1980களின் தொடக்கத்தில், சவூதியிலிருந்து விடுமுறையில் வந்த மாமா எடுத்த புகைப்படம் ஒன்று அவளுக்குக் கிடைத்தது. தெருவில் நின்று வீட்டின் முகப்பை எடுத்த படம். அதை வைத்து 16க்கு 20 அங்குலக் கித்தானில் வரையத் தொடங்கினாள். படத்தின் நகலில் பென்சிலால் கட்டங்கள் போட்டு, கித்தானிலும் அதே எண்ணிக்கையில் கட்டங்கள் போட்டு, கட்டம் கட்டமாகக் கோடுகளை மாற்றினாள். மாமா கேமராவை மேல்நோக்கிச் சாய்த்து எடுத்திருந்ததால் சுவர்கள் உச்சியில் உள்வாங்கிச் சாய்ந்து தெரிந்தன. அளவுகோல் வைத்து அவற்றை நிமிர்த்தினாள்.

திண்ணையில் உம்மம்மாவின் கணவர், எங்கள் அப்பா, அமர்ந்திருந்தார். அவரை அவள் வரையவில்லை. அவருடைய கைத்தடியைத் திண்ணைத் தூணில் சாய்த்து வைத்தாள். படியில் அவருடைய செருப்பை வரைந்தாள். அவரை அறிந்தவர்கள் ஓவியத்தைப் பார்த்ததும், தொழப் போயிருக்கிறார் என்று சொன்னார்கள்.

சுவரின் நிறத்தில்தான் சிக்கல் வந்தது. அக்காலத்து வண்ணப் புகைப்படங்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிவிடுவதுண்டு. மங்கியதும் படம் முழுவதும் செம்மை ஏறிவிடும். எங்கள் படமும் அப்படித்தான். வெள்ளைச் சுவர் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. அவள் சற்று மஞ்சள் கலந்த பாலாடை நிறத்தில் சுவரைத் தீட்டிவிட்டு, "இதுதானா நிறம்?" என்று உம்மாவிடம் கேட்டாள். உம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, "எனக்கு நினைவில்லை. வெள்ளையடிக்கும்போது ராத்தாதான் கூட நிற்பாங்க. அவங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் அஸருக்குப் பிறகு, பாதி முடிந்த ஓவியத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவள் பெரியம்மாவின் கதவைத் தட்டினாள்.

பெரியம்மா ஓவியத்தை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "சுவர் இப்படியா இருந்துச்சு? சுண்ணாம்புல நீலம் கலந்துதான் அடிப்பாங்க. ரமலானுக்கு முன்னால வருஷா வருஷம் உங்க உம்மம்மா தன் கையால நீலம் கரைச்சுக் கொடுப்பாங்க. நிலா வெளிச்சத்துல வீடே நீலமாத் தெரியும்" என்றார். இன்னும் சற்றுநேரம் கழித்து, "நல்லாத்தான் இருக்கு. ஆனா, இது முன்வாசல்தானே. நாங்க எப்பம்மா முன்வாசல் வழியாப் போனோம்?" என்றார்.

அந்தக் கேள்வி எங்கள் எல்லோரையும் தடுத்து நிறுத்தியது. எங்கள் ஊர் வீடுகள் தெருவிலிருந்து பின்னோக்கி நீண்டவை. முன்வாசல் ஆண்களும் விருந்தினரும் புழங்குவது. பெண்கள் பின்வாசல் வழியாக, வீடுகளின் பின்புறத்தை இணைக்கும் முடுக்கு என்னும் குறுகிய சந்துகளில் நடந்து, உறவினர் வீடுகளுக்கும் தைக்காக்களுக்கும் செல்வர். பெண்கள் வாழ்ந்த அந்தப் பாதி வீட்டைக் கேமரா வைத்திருந்த எவரும் எடுக்கவில்லை. ஊர் முறைப்படி வீடு பெண்ணுக்குத்தான் உரியது. ஆனால், அதன் புகைப்படத்தில் பெண்ணின் பக்கம் இல்லை.

பெரியம்மா சொல்லச் சொல்ல அவள் பென்சிலால் குறித்துக்கொண்டாள். பின்கட்டு, கிணறு, முருங்கை மரம், முடுக்குக்குத் திறக்கும் சிறு கதவு, கதவருகே கால் கழுவும் கல் என இரண்டாவது ஓவியம் ஒன்று உருவாயிற்று. அம்மி கிணற்றுக்கு வலப்பக்கம் இருந்தது என்றார் பெரியம்மா. வீடு திரும்பி உம்மாவிடம் காட்டியபோது, இடப்பக்கம்தான் என்றார் உம்மா. "ராத்தாவுக்கு எப்பவும் வலது இடது தெரியாது" என்றும் சொன்னார். ஆறாண்டுகளுக்குப் பிறகு அவர் வாயில் வந்த முதல் "ராத்தா" முந்தின நாள் சொன்னது, இது இரண்டாவது. அந்த வாரமே அம்மியைப் பற்றி வாதாட அவர் தம் அக்காவின் வீட்டுக்குச் சென்றார்.

மனத்தாங்கல் முற்றிலும் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டோம். அம்மி எப்பக்கம் இருந்தது என்பதும் தீரவில்லை. உள்ளங்களை இணைப்பவன் அல்லாஹ். ஓர் ஓவியத்துக்கு அந்த ஆற்றல் இல்லை. போய்க் கதவைத் தட்டுவதற்கு ஒரு காரணத்தை மட்டுமே அது தந்தது. உறவைப் பேணுபவர் என்பவர், பதிலுக்குப் பதில் செய்பவர் அல்லர். துண்டிக்கப்பட்ட உறவையும் சேர்த்துக்கொள்பவரே என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். இருபது வயதுப் பிள்ளை ஒருத்தி வண்ணம் கேட்கப் போய் அதைச் செய்தாள். பெரியவர்களாகிய நாங்கள் செய்யவில்லை.

ஆகவே, "போட்டோவையே பெரிதாக்கினால் போதாதா?" என்பதற்கு எங்கள் விடை இதுதான்: போதாது. புகைப்படம் மங்கியிருக்கிறது, சாய்ந்திருக்கிறது, ஒரு பக்கத்தை மட்டுமே காட்டுகிறது. அதைப் பெரிதாக்கினால் அக்குறைகளும் பெரிதாகும். கைப்பேசிச் செயலி ஒன்று நொடியில் அதை ஓவியம்போல மாற்றித் தரும். ஆனால், அது பெரியம்மாவிடம் போய்ச் சுவரின் நிறத்தைக் கேட்காது. கையால் வரைபவர் ஒவ்வோர் அங்குலத்திலும் ஏதேனும் ஒன்றை அறிந்தாக வேண்டும். அறிந்தவர்களோ முதுமையில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கும் காலம் குறைந்துகொண்டே வருகிறது.

வரைய விரும்பும் பிள்ளைகளுக்குச் சில செய்திகளைச் சொல்லிவைக்கிறோம். அக்ரிலிக் நீரில் கரையும் வண்ணம். ஆனால் காய்ந்ததும் நீர் புகாத பிளாஸ்டிக் ஏடாகிவிடும். ஓவியத்துக்கு இது நல்லது. காய்ந்த வண்ணத்தின்மேல் அடியிலுள்ளது கலையாமல் மீண்டும் தீட்டலாம். எங்கள் சுவர் பாலாடை நிறத்திலிருந்து நீலவெள்ளைக்கு மாறியது அப்படித்தான். காயும்போது நிறம் சற்று அடர்ந்துவிடும் என்பதால், வேண்டிய நிறத்தைவிட ஒரு படி வெளிறக் கலந்துகொள்ளுங்கள்.

ஆனால், இதே தன்மை உளூவுக்குத் தடையாகும். நகத்திலும் விரலிலும் காய்ந்து ஒட்டிய வண்ணத்தின் அடியில் தண்ணீர் சேராது. பாதத்தில் நகமளவு இடம் நனையாமல் விட்டவரைத் திரும்பிப் போய் முறையாக உளூச் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததை நினைவில் கொள்ளுங்கள். ஈரமாக இருக்கும்போதே சோப்பிட்டுக் கழுவுங்கள். காய்ந்துவிட்டால் தேங்காய் எண்ணெய் தேய்த்து ஊறவிட்டு உரித்தெடுத்து, பிறகு எண்ணெய்ப் பசை போகக் கழுவுங்கள். மெல்லிய கையுறை அணிந்து வரைவது இன்னும் எளிது.

தூரிகை வாங்கும்போதும் கவனம் தேவை. விறைப்பான முடியுள்ள தூரிகைகள் சில பன்றி முடியால் செய்யப்படுபவை. உறையில் "ஹாக் பிரிசில்" என்று அச்சிட்டிருக்கும். நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் அது நஜீஸ். நைலான் போன்ற செயற்கை இழைத் தூரிகைகளே அக்ரிலிக்குக்கு ஏற்றவை, விலையும் குறைவு. வண்ணங்களில் வெள்ளை, நீலம், மஞ்சள், சிவப்பு, செம்பழுப்பு என்னும் ஐந்து குழாய்களே ஒரு வீட்டை வரையப் போதும். நாற்பது குழாய்கள் வாங்கிக் காயவிடுவது வீண்விரயம். பாங்கு ஒலித்தால், வண்ணம் காய்ந்துவிடுமே என்று தொழுகையைத் தள்ளிப்போடாதீர்கள். தட்டின்மேல் ஈரத்துணியைப் போர்த்திவிட்டு எழுந்து செல்லுங்கள். முடித்த ஓவியத்தைத் தொழும்போது கண்முன் படும் சுவரில் மாட்டாதீர்கள்.

இனி, பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தை எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அப்படத்தில் இல்லாத பாதியை யார் அறிவார் என்று சொல்லுங்கள். அவர் நீங்கள் பேசாதிருக்கும் ஒருவராக இருந்தால், பிள்ளையை மட்டும் அனுப்பாமல் நீங்களும் உடன் செல்லுங்கள். ஓவியத்தின் பின்புறத்தில் அவ்வீட்டில் வாழ்ந்து மறைந்தோரின் பெயர்களை எழுதுங்கள்; பார்க்கும்போதெல்லாம் அவர்களுக்காகத் துஆ கேட்க அது நினைவூட்டும்.

எங்கள் வீட்டுச் சுவரில் இப்போது இரண்டு ஓவியங்களும் அருகருகே தொங்குகின்றன. முன்வாசலைப் பார்த்து ஆண்கள் பேசுகிறார்கள். பின்வாசலின் முன் பெண்கள்தான் நெடுநேரம் நிற்கிறார்கள்.

நம் வீடுகளை அமைதி தரும் இடங்களாக ஆக்கியவன் அல்லாஹ். அவ்வீடுகள் மறைந்த பின்பும் அவற்றில் வளர்ந்த உறவுகளை அவன் நிலைத்திருக்கச் செய்வானாக. ஆமீன்.