நான்காவது புத்தகம்

என் அலமாரியில் உர்சுலா லெ குவின் அம்மையாரின் 'எர்த்ஸீ' நாவல்கள் நிற்கிற கோலத்தைப் பார்த்தாலே என் வாசக சரித்திரம் ஒருவருக்கு விளங்கிவிடும். முதல் மூன்று புத்தகங்களும் முதுகு ஒடிந்து, ஓரம் மடிந்து, ஒட்டு நாடாவின் தயவில் உயிர் தரித்துக்கொண்டிருக்க, நான்காவது மட்டும் வெகுகாலம் வரையில், மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளையைப் போல, மடிப்புக் கலையாமல் ஒதுங்கி நின்றது.

முதல் நாவல் 1968-இல் வெளிவந்தது. அடுத்த இரண்டும் 1972-க்குள் வந்துவிட்டன. கல்லூரி நாட்களில் மூன்றையும் ஒரே மூச்சில் படித்தேன். எண்ணற்ற தீவுகள் சிதறிக் கிடக்கும் ஒரு சமுத்திர உலகம். அதில் காண்ட் என்னும் மலைத் தீவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாயற்ற சிறுவன் ஒருவன், கெட் என்ற மெய்ப்பெயரைப் பெற்று, காலக்கிரமத்தில் மகா மந்திரவாதியாகிறான். எதன் மெய்ப்பெயரை ஒருவன் அறிகிறானோ அதன்மேல் அவனுக்கு ஆதிக்கம் உண்டாகிவிடுமாதலால், அந்த உலகத்து மனிதர்கள் தங்கள் மெய்ப்பெயரை அந்தரங்கமானவரிடத்தன்றி வெளியிடுவதில்லை. ரேஷன் கடையில் கேட்டபோதுகூடத் தாத்தாவின் பெயரைத் தம் வாயால் சொல்லாமல், பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுச் சொல்லச் செய்த பாட்டியிடம் வளர்ந்த எனக்கு, இந்தச் சட்டத்தை எவரும் வியாக்கியானம் செய்யவேண்டியிருக்கவில்லை.

எனக்கு விளங்காதது வேறொன்று. கெட்டின் குருவான ஓகியன், பூகம்பத்தையே அடக்கியவர் என்று கீர்த்தி பெற்றவர். அவர் சீடனோடு மலைப்பாதையில் செல்கையில் மழை பிடித்துக்கொள்கிறது. ஒரு சொல்லால் மேகத்தை அப்பால் விரட்டிவிடக்கூடிய அம்மனிதர், அதைப் பெய்கிறபடி பெய்யவிட்டு, அடர்ந்த மரம் ஒன்றின் அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறார். சொட்டும் புதருக்கிடையில் நனைந்துகொண்டு, உபயோகிக்காத சக்தி எதற்கு என்று மனத்துக்குள் பொருமுகிறான் சிறுவன். நானும் அன்று அவன் கட்சிதான்.

மூன்றாவது நாவலின் முடிவில், மரண உலகத்தில் நேர்ந்துவிட்ட பிளவை அடைப்பதற்காகத் தன் சக்தி முழுவதையும் செலவழித்துவிட்ட கெட், டிராகனின் முதுகேறிப் போகிறான். அந்தக் கம்பீரமான காட்சிக்கு மேல் என்ன வேண்டும் என்றிருந்தேன். ஆனால் 18 வருஷம் கழித்து, 1990-இல், 'டெஹானு' என்ற நான்காவது நாவல் வந்தது. அதில் டிராகன் அவனைப் பாதி பிணமாகக் கொண்டுவந்து இறக்குகிறது. இழந்த சக்தியை எண்ணி வெட்கி, அரசன் அனுப்பிய தூதர்களின் கண்ணிலும் படாமல் ஒளிந்து, கடைசியில் மலைமேல் ஆடு மேய்க்கப் போய்விடுகிறான். என் நாயகனுக்கு இந்தக் கதியா என்று ஆத்திரம் மேலிட, பாதியிலேயே மூடி வைத்தேன்.

சென்ற வருஷம் நான் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றேன். ஒரு மாதத்துக்கெல்லாம், என் கையெழுத்துக்காகப் பல நாள் காத்து நின்ற பழைய அலுவலகத்துப் பையன் ஒருவன் விசாரித்துப் போக வந்தபோது, வீட்டில் இல்லையென்று சொல்லச் சொல்லிவிட்டு உள்ளறையில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தேன். அன்று மாலைதான் நான்காவது புத்தகத்தைக் கையில் எடுத்தேன்.

முதல் நாவல் வெளிவந்தபோது அம்மையாருக்கு 40 வயது நிரம்பவில்லை. நான்காவது வெளிவந்தபோது 60 நிரம்பியிருந்தது. பால்யத்தின் கர்வத்தை எழுதிய அதே பேனா, கர்வம் வற்றிய பிறகு மிஞ்சுகிற மனிதனை எழுதுவதற்கு அத்தனை வருஷம் காத்திருந்திருக்கிறது. இழந்ததைக் கெட் திரும்பப் பெறவில்லை. டெனார் என்ற விதவையின் பண்ணை வீட்டில், தீயில் வெந்த குழந்தை ஒன்றுக்குத் துணையாக வாழக் கற்றுக்கொள்கிறான். மழையைப் பெய்யவிட்ட குருவின் பாடம் சீடனுக்கு அப்பொழுதுதான் ஏறியது, எனக்கும்.

மறுநாள் காலையில் அந்தப் பையனுக்கு நானே டெலிபோன் செய்து வரச் சொன்னேன். நான்காவது புத்தகத்தின் முதுகும் இப்பொழுது லேசாக விட்டுக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறது. ஒட்டு நாடா வாங்கவேண்டும்.