ஒரே நாளில் பட்டு ஓவியம்: லாபம் யாருக்கு?

"ஒரே நாளில் பட்டு ஓவியம் கற்று, வீட்டிலிருந்தே சம்பாதியுங்கள்!" கோடை விடுமுறை வந்துவிட்டால் போதும், மின்கம்பத்திலிருந்து வாட்ஸ்அப் வரை இந்த விளம்பரம்தான். காலை பத்து மணிக்கு வகுப்பு. மாலை நாலு மணிக்குக் கையில் ஒரு ஸ்டோல், ஒரு சான்றிதழ், கூடவே தலையில் கட்டப்பட்ட ஒரு 'கிட்'. கற்றுக்கொண்டது? டிரேஸ் எடுப்பது, கோடு போடுவது, வண்ணம் தடவுவது. அவ்வளவுதான்!

கட்டணம் வாங்குவதில் தப்பே இல்லை. சொல்லித் தருபவருக்கும் வயிறு இருக்கிறது. ஆனால் சொல்லியே ஆக வேண்டியதை விட்டுவிட்டு, விற்க வேண்டியதை மட்டும் விற்பதற்குப் பெயர் வகுப்பா, கடையா?

முதலில் துணி. 'ஆர்ட் சில்க்' என்று கொடுத்தால், ஓவியம் வரைவதற்கென்றே வந்த பட்டு என்று புதியவர் நம்பிவிடுவார். அந்த 'ஆர்ட்' கலை அல்ல ஐயா, 'ஆர்ட்டிஃபிஷியல்' என்பதன் சுருக்கம்! ஓரத்தில் நாலு நூலை உருவிக் கொளுத்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அசல் பட்டு முடி கருகும் நாற்றம் அடிக்கும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். ரேயான் காகிதம் போல எரியும். ஐந்து நிமிட வேலை. எத்தனை வகுப்பில் செய்து காட்டுகிறார்கள்?

அடுத்தது வண்ணம். 'சில்க் கலர்' என்ற ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்கிறது. ஒன்று பெயின்ட், காய்ந்தபின் இஸ்திரி போட்டால் நிலைக்கும். மற்றது சாயம், பட்டு தலைமுடியைப் போலப் புரதம் என்பதால் அமிலச் சாயம் அதில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் துணியைத் தாளில் சுற்றி, தண்ணீர் சொட்டாமல் ஆவியில் வைக்க வேண்டும். அதற்கு எடுத்த குண்டானில் மறுபடி சமைக்கக் கூடாது. இதைச் சொல்லாமல் அனுப்பினால் என்ன ஆகும்? ஸ்டோலை வாங்கிய பக்கத்து வீட்டு அக்கா முதல் முறை அலசும்போதே வாளித் தண்ணீர் மயில் கலராகும். அத்தோடு அந்த வாடிக்கை போச்சு. விளம்பரம் கொடுத்தவருக்கு நட்டம் இல்லை. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துப் பணம் கட்டியவருக்குத்தான் பணமும் போச்சு, பேரும் போச்சு.

மூன்றாவது, கட்டா என்கிற தடுப்புப் பசை. கோட்டில் ஒரு ஊசிமுனை இடைவெளி விட்டாலும் வண்ணம் அடுத்த இதழுக்கு ஓடிவிடும். துணி தடிமனாக இருந்தால் பசை மறுபக்கம் வரை ஊறாது. வண்ணம் அடியில் நுழைந்துவிடும். இது கைக்கு வர வேண்டுமென்றால் துண்டுத் துணிகளில் திரும்பத் திரும்பக் கெடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியே இல்லை. ஆனால் முதல் நாளே முழு ஸ்டோல்! போட்டோவுக்கு அழகாக இருக்க வேண்டுமே :-)

"ஒரு நாளில் எல்லாவற்றையும் சொல்ல முடியுமா?" என்று கேட்பார்கள். முடியாதுதான். அப்படியானால் "சம்பாதியுங்கள்" என்ற வரியையும் போடக்கூடாது. "ஒரு நாள் அறிமுகம்" என்று போடட்டும், யாரும் குறை சொல்லப்போவதில்லை. பி.காம். முதல் வருடப் பையனைக் கேட்டால்கூடச் சொல்வான்: கெட்டுப்போகும் துணியையும் சேர்த்துப் போடுவதுதான் அடக்க விலை.

பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "இதைத் துவைத்தால் சாயம் போகுமா?" பதில் சொல்லத் தடுமாறும் இடத்தில் செருப்பைக் கழற்ற வேண்டாம்.