நாமினின்னா ஓனர்னு யாருங்க சொன்னது?

மொதல்லயே சொல்லிடறேன், இது யாரையும் தனியா குறிவச்சு எழுதினது இல்லை. "பாலிசியில என் பேருதான் இருக்கு, அதனால பணம் எனக்குத்தான்"னு இழவு வீட்டுல பேசற எல்லாரையும் மொத்தமா குறிவச்சு எழுதினது :)

எங்க பக்கம் வழக்கமா நடக்கற கதை இதுதான். சிவகாசியில அச்சாபீஸ்லயோ பட்டாசு ஆபீஸ்லயோ ஒரு பையன் 21 வயசுல வேலைக்குச் சேர்றான். தெரிஞ்ச ஏஜெண்ட் அண்ணன் ஒருத்தர் வந்து எல்.ஐ.சி. போடச் சொல்றார். நாமினி கட்டம் வரும்போது "அம்மா பேரைப் போட்டுக்கோங்கண்ணே". கல்யாணம் ஆகாத பையன் வேற யாரைப் போடுவான்? அப்புறம் கல்யாணம், பிள்ளைங்க, சீட்டு, நகைக்கடன். பாலிசி பத்திரம் பீரோ லாக்கர்ல தூங்குது. பிரீமியம் மட்டும் தவறாம போகுது. ஒருநாள் ஆள் போயிடறார். பதினாறாம் நாள் விசேஷம் முடியற வரைக்கும் எல்லாரும் அமைதி. பதினேழாம் நாள் மாமியார் ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம்.

ஊர் உடனே தீர்ப்பு சொல்லிடும். "பெத்தவளை விட்டுட்டு நேத்து வந்தவளுக்கா?"ன்னு பாதிப்பேர். "கெழவிக்கு இந்த வயசுல பணம் எதுக்கு?"ன்னு மீதிப்பேர். சட்டம் என்ன சொல்லுதுன்னு மட்டும் ஒருத்தர்கூட கேக்கறதில்லை.

உச்ச நீதிமன்றம் இதை 1983 டிசம்பர்லயே சொல்லிடுச்சு. சர்பதி தேவி எதிர் உஷா ராணி வழக்கு. 1967ல ஒருத்தர் உயில் எழுதாம இறந்து போறார். தலா பத்தாயிரம் ரூபாய்க்கு ரெண்டு பாலிசி. நாமினி மனைவி. அம்மாவும் மகனும் எங்க பங்கு எங்கேன்னு கோர்ட்டுக்குப் போனாங்க. நாமினி பணத்தை வாங்கிக்கற கை மட்டும்தான், வாங்கின பணம் வாரிசுகளுக்குச் சொந்தம்னு தீர்ப்பு வந்துச்சு. அம்மா, மனைவி, மகன் மூணு பேருக்கும் மூணுல ஒரு பங்கு. கவனிங்க, இருபதாயிரம் ரூபாய்க்காக பதினாறு வருஷம்.

இது புரியற மாதிரி இருக்கில்ல? குழப்பினது 2015. அந்த வருஷம் இன்சூரன்ஸ் சட்டத்தைத் திருத்தினப்ப 39வது பிரிவுல புதுசா ஒரு உட்பிரிவைச் சேர்த்தாங்க. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைங்க இவங்கள்ல யாரையாவது நாமினியா போட்டிருந்தா, அந்த நாமினிக்கே பணத்துல முழு உரிமை உண்டுன்னு அது சொல்லுது. அண்ணன் தம்பியைப் போட்டிருந்தா பழைய கதைதான், அவர் வெறும் வசூல் ஆள். நோக்கம் நல்லதுதான், மறுக்கலை. விதவை பதினாறு வருஷம் கோர்ட் படி ஏறக்கூடாதுன்னு நினைச்சிருப்பாங்க. ஆனா சண்டை அண்ணன் தம்பியோடயா வருது? ஒரே அடுப்புல சாப்பிட்ட அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவுலதானே வருது! அங்க போய் "யார் பேரு இருக்கோ அவங்களுக்கே எல்லாம்"னா, 21 வயசுல நிரப்பின ஒரு கட்டம் 40 வயசுக்காரனோட குடும்பத்தைப் பிரிச்சு வைக்குது.

உயில் எழுதணும்னா ரெண்டு சாட்சி கையெழுத்து போடணும். எழுதினவருக்குச் சுயநினைவு இருந்துச்சான்னு கோர்ட்ல குடைஞ்சு எடுப்பாங்க. இங்க டீ குடிச்சுக்கிட்டே ஏஜெண்ட் கேட்ட கேள்விக்குச் சொன்ன ஒரு வார்த்தை, பிள்ளைகளோட பங்கையே அழிக்கலாமாம். இதுக்குப் பேர் சீர்திருத்தமா?

2025ல கர்நாடக உயர் நீதிமன்றத்தோட தார்வாட் அமர்வுக்கு அச்சு அசலா நம்ம ஊர்க் கதையே போச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி அம்மாவை நாமினியா போட்டவர், அப்புறம் மாத்தவே இல்லை. மனைவியும் குழந்தையும் பங்கு கேட்டாங்க. வாரிசுங்க உரிமை கோரி வந்துட்டா அந்தப் புது உட்பிரிவு வாரிசுரிமைச் சட்டத்தை மிதிச்சுட்டுப் போக முடியாதுன்னு நீதிபதி சொல்லிட்டார். அம்மா, மனைவி, குழந்தை, ஆளுக்கு மூணுல ஒண்ணு.

இப்ப ரெண்டு வழக்கையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. 1983ல ஜெயிச்சது மாமியார். 2025ல ஜெயிச்சது மருமகள். விதி ஒண்ணேதான்! அதனாலதான் அந்த விதி நியாயமானதுன்னு நான் சொல்றேன். அது யார் கட்சியிலயும் இல்லை. ஆனா வேற உயர் நீதிமன்றத்துல நாமினிக்கே முழுசும்னு தீர்ப்பாகியும் இருக்கு. அதாவது நீங்க எந்த மாநிலத்துல சாகறீங்கங்கறதைப் பொறுத்து உங்க பிள்ளையோட பங்கு மாறலாம்.

ஷேர், மியூச்சுவல் ஃபண்டுக்கு உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பர்ல தெளிவா முடிச்சு வச்சிடுச்சு, நாமினி ஓனர் இல்லைன்னு. (அந்தச் சொத்து யாரோடது தெரியுமா? காலநிர்ணய் காலண்டர் நிறுவனரோடது. காலண்டர் அடிக்கற ஊர்க்காரங்க நாம, இதுகூடத் தெரியாம இருந்தா எப்படி!)

கட்டின பொண்ணுங்க விஷயம் இன்னும் மோசம். இந்து வாரிசுரிமைச் சட்டத்துல, உயில் இல்லாம அப்பா செத்தா, அவர் சம்பாதிச்சதுல மகன், மகள், மனைவி, அவரோட அம்மா எல்லாருக்கும் சம பங்கு. 1956லேர்ந்து இதுதான். (கிறிஸ்தவர், முஸ்லிம் வீடுகள்ல பங்குக் கணக்கு வேற.) ஆனா நடைமுறையில? "அம்மா பேர்லதான் நாமினி, நீ ஒண்ணும் கேக்காத"ன்னு மகளைச் சொல்லி அனுப்பிட்டு, அம்மா வாங்கின செக் அடுத்த வாரமே அண்ணன் கணக்குக்குப் போயிடும். மதினிக்குத் தெரியும், மச்சானுக்குத் தெரியும், அந்தப் பொண்ணுக்குத்தான் எவ்வளவு வந்துச்சுன்னே தெரியாது. கேட்டா "நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சே". சட்டத்துல எந்தப் பக்கத்துலயும் அப்படி ஒரு வரி இல்லைங்க.

வேற சட்டங்களுக்கு இந்த விவரம் இருக்கு. பி.எஃப்.ல குடும்பம் இல்லாத ஆள் வெளியாளை நாமினியா போட்டு, பின்னால குடும்பம் வந்துட்டா அந்த நாமினேஷன் தானா செத்துடும். பட்டாசு ஆபீஸ் விபத்துல தொழிலாளி இறந்தா, 2025 வரைக்கும் நடைமுறையில இருந்த 1923ம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டப்படி முதலாளி பணத்தை ஆணையர்கிட்டதான் கட்ட வேண்டியிருந்துச்சு, அவர்தான் சார்ந்திருந்தவங்களுக்குப் பிரிச்சுக் குடுத்தார். அங்க நாமினிப் பேச்சே கிடையாது. முதலிப்பட்டி 2012, அச்சங்குளம் 2021 எல்லாம் பார்த்த மாவட்டம் இது. நம்ம ஆளுங்க வேலைக்குக் கிளம்பறப்பவே ஆபத்தையும் கூட்டிக்கிட்டுப் போறவங்க. வருஷம் 436 ரூபாய்க்கு பேங்க்ல பிடிக்கற ரெண்டு லட்ச ரூபாய் ஜீவன் ஜோதி திட்டத்துக்குக்கூட நாமினி கட்டம் இருக்கு. அதை என்ன போட்டோம்னு ஞாபகம் இருக்கறவங்க கை தூக்குங்க பார்ப்போம்.

சட்ட ஆணையம் 2004லயே தன்னோட 190வது அறிக்கையில பயனாளி நாமினி வேற, வசூல் நாமினி வேறன்னு பிரிச்சுக் காட்டிடுச்சு. அந்த ரெண்டையும் ரெண்டு கட்டமா படிவத்துல தமிழ்ல அச்சடிச்சு, "இவருக்கே சொந்தமா, இல்லை வாரிசுகளுக்காக வாங்கித் தரணுமா"ன்னு டிக் பண்ணச் சொல்ல எவ்வளவு செலவாகும்? அச்சுக்கூலி கம்மியா வேணும்னா சிவகாசிக்கே வாங்க, பேசி முடிச்சுத் தர்றோம்.

அது நடக்கற வரைக்கும் நம்ம கையில இருக்கறது இவ்வளவுதான். கல்யாணமானா, குழந்தை பொறந்தா நாமினியை மாத்துங்க, பல பேரைப் போட்டு ஆளுக்கு எத்தனை சதவீதம்னும் எழுதலாம். மனைவி, பிள்ளைங்களுக்கே போய்ச் சேரணும்னா, பாலிசி எடுக்கறப்பவே 1874ம் வருஷத்து திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்துக்கு கீழ எடுங்க, அதுல கடன்காரன்கூட கை வைக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தை எந்த ஏஜெண்ட் அண்ணனும் தானா சொன்னதா நான் கேள்விப்பட்டதே இல்லை. மைனர் பிள்ளையை நாமினியா போட்டா, பணத்தை வாங்க ஒரு பெரியவர் பேரையும் எழுதணும். அங்க வழக்கமா சித்தப்பா பேரு வரும். அவர் இப்ப எப்படி இருக்கார், உங்க வீட்டோட பேச்சுவார்த்தை இருக்கான்னு பார்த்துட்டு எழுதுங்க.