பாடகனும் பொதுவாழ்வும்

"பாடகன் பாடினால் போதும், பொதுக் காரியங்களில் அவன் தலையிடலாகாது" என்று உபதேசிப்போர் எந்நாட்டிலும் உண்டு. தலையிட்டால் ஜனங்களின் அபிமானத்தை இழந்துவிடுவான் என்பது அவர்கள் காட்டும் பூச்சாண்டி. 2023 ஏப்ரல் 25-ஆம் தேதி நியூயார்க்கில் தமது 96-ஆம் வயதில் காலமான ஹாரி பெலபாண்டேயின் வரலாற்றை இந்த உபதேசிகள் சற்றுப் பார்ப்பது நலம் என்பது நமது அபிப்பிராயம்.

1927-இல் நியூயார்க்கில் கறுப்பர் வாழும் ஹார்லெம் பகுதியில் பிறந்தவர் அவர். தாய் ஜமைக்கா தீவினர். பிறர் வீட்டில் வேலை செய்து பிழைத்தவர். பெலபாண்டேயின் இளமையில் சில ஆண்டுகள் அத்தீவிலேயே கழிந்தன. 1956-இல் வெளிவந்த அவருடைய 'காலிப்ஸோ' என்னும் நெடுந்தட்டு, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 31 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. தனியொரு பாடகரின் நெடுந்தட்டு பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது அதுவே முதல் தடவை என்பர்.

அதில் உலகமே முணுமுணுத்த பாட்டு எதைப் பற்றியது? இரவெல்லாம் கப்பலில் வாழைத்தார் ஏற்றிய கூலியாள், பொழுது விடிந்ததும், கணக்குப்பிள்ளை வந்து தார்களை எண்ணிவிட்டால் வீடு போகலாமே என்று ஏங்கும் பாட்டு அது. அந்த மெட்டுக்குக் கனவான்கள் விருந்து மண்டபங்களில் தாளம் போட்டனர்! டிரினிடாட் தீவினர், 'காலிப்ஸோ எங்கள் சொத்து. இவற்றில் பெரும்பாலானவை ஜமைக்கா பாட்டுக்கள்' என்று ஆட்சேபித்தனர். ஆட்சேபம் நியாயமானதே. 'காலிப்ஸோ அரசர்' என்ற பட்டத்தை அவரே விரும்பியதில்லை.

பொதுவாழ்வில் இறங்குவதன் விலை அவருக்குத் தெரியாததன்று. அவர் குருவாகப் போற்றிய பால் ராப்ஸனின் பாஸ்போர்ட்டை அமெரிக்க சர்க்கார் 1950-இல் பறித்து, 1958 வரை திருப்பித் தரவில்லை; உள்நாட்டிலும் அம்மகா பாடகருக்கு மேடைகள் அடைக்கப்பட்டன. இதைக் கண்ணெதிரே கண்ட பிறகுதான் பெலபாண்டே டாக்டர் மார்ட்டின் லூதர் கிங்குடன் சேர்ந்தார். 1963-இல் பர்மிங்ஹாம் நகரில் சிறைப்பட்டவர்களை ஜாமீனில் மீட்கப் பணம் திரட்டினார். கிங்கின் குடும்பச் செலவுக்கும் உதவினார்.

1964-இல் மிஸிஸிப்பி மாகாணத்தில் கறுப்பரை வாக்காளர் பட்டியலில் சேர்க்கப் பாடுபட்ட இளந்தொண்டர்களுக்குக் கையிலிருந்த பணம் தீர்ந்துவிட்டது. பெலபாண்டே சுமார் 70,000 டாலரை ரொக்கமாகத் திரட்டினார். நடிகர் ஸிட்னி பாய்டியரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, தாமே அதை எடுத்துச் சென்று கிரீன்வுட் என்னும் ஊரில் சேர்த்தார். இரவில் வழிநெடுகக் கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தார் அவர்களுடைய மோட்டாரைத் துரத்தினர். காசோலை எழுதி அனுப்பிவிட்டு வீட்டில் இருந்திருக்கலாம், இருக்கவில்லை.

1968-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பெதுலா கிளார்க் என்னும் வெள்ளைக்காரப் பாடகி அவர் கையைத் தொட்டுப் பாடியதற்கு, விளம்பரம் கொடுத்த மோட்டார் கம்பெனியின் பிரதிநிதி ஆட்சேபித்தார். அப்பகுதியை மாற்றப் பாடகி இணங்கவில்லை. நிகழ்ச்சி அப்படியே ஒளிபரப்பாயிற்று.

பிற்காலத்தில் அவருடைய தட்டுக்களின் விற்பனை குன்றியது உண்மை. ராக் இசையின் வெள்ளத்தில் அரசியலை எட்டிப் பாராத பாடகர் பலரும் அடித்துச் செல்லப்பட்டனரே. அவர்கள் விஷயத்தில் உபதேசிகள் என்ன சமாதானம் சொல்வர்? 1988-இல் 'பீட்டில்ஜூஸ்' என்னும் சினிமாப் படத்தின் வாயிலாக, வாழைத்தார்ப் பாட்டை அடுத்த தலைமுறைச் சிறுவர்களும் கற்றுக்கொண்டனர்.

அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக அமெரிக்கப் பாடகர்கள் ஒன்றுகூடிப் பாட வேண்டும் என்ற யோசனையை முதலில் கிளப்பியவரும் அவரே. பாட்டைத் தனித்தனியே பாடும் புகழை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, அவர் கோஷ்டியில் ஒருவராக நின்றார். ஒலிப்பதிவின் இடைவேளையில், அங்கே கூடியிருந்த பாடகர் அனைவரும் அவரைக் கௌரவிக்க அந்த வாழைத்தார்ப் பாட்டையே பாடத் தொடங்கினர்.