பெயர் போடாத வித்வான்

நாகஸ்வரக் கச்சேரி கேட்டவர்களுக்கெல்லாம் நாகஸ்வர வித்வானின் பெயர் தெரியும். தவுல்காரரின் பெயரும் பெரும்பாலோருக்குத் தெரியும். பக்கத்தில் கன்னம் உப்ப ஒரே சுருதியை ஊதிக்கொண்டு நின்றாரே, அந்த ஒத்துக்காரரின் பெயர் என்ன என்று கேட்டால் விழிப்போம். போதாக்குறைக்கு, சொந்தப் புத்தியில்லாமல் பிறர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவனை "ஒத்து ஊதுகிறான்" என்று ஏசவும் செய்வோம். ஒத்து நடுவில் நின்றுபோனால் ராகம் என்ன கதியாகும் என்று ஒரு கணமாவது நினைத்துப் பார்த்திருக்கிறோமா?

இந்த அநியாயம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மேல்நாட்டு மேடைகளில் இதே கதிக்கு ஆளானவர் பேஸ் கிதார் வாசிப்பவர். பாடகியின் பெயர் சுவரொட்டியில் இருக்கும். கிதார்காரர் முன்னே வந்து துள்ளிக் குதிப்பார். மத்தளக்காரர் உயர்ந்த பீடத்தில் அமர்ந்து ஆர்ப்பரிப்பார். பேஸ்காரரோ விளக்கு வெளிச்சம் எட்டாத ஓரத்தில் நின்றுகொண்டு வேலையைப் பார்ப்பார். ஒத்துக்காரருக்கும் அவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஒத்து ஒரே சுருதியில் நிற்கும். பேஸ் ஓயாமல் நடந்துகொண்டேயிருக்கும். அந்த நடையைப் பற்றியும், அதைப் போல் நடந்து காட்டிய ஒரு மனிதரைப் பற்றியும் இந்த வாரம் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் வாத்தியத்தைப் பார்ப்போம். சாதாரணக் கிதாருக்கு ஆறு தந்திகள். பேஸ் கிதாருக்குப் பெரும்பாலும் நான்கு. கிதாரின் தடித்த தந்திகள் நான்கும் எந்தச் சுருதியில் இருக்கின்றனவோ, அதற்கு ஒரு ஸ்தாயி கீழே இவை ஒலிக்கும். மிகவும் தாழ்ந்த தந்தி விநாடிக்குச் சுமார் 41 முறைதான் அதிர்கிறது. அந்த நாதத்தைக் காது கேட்பதைக் காட்டிலும் நெஞ்சுக்கூடு உணர்வதே அதிகம்.

இந்தக் கருவி பிறப்பதற்கு முன் இதன் வேலையைச் செய்தது டபிள் பேஸ் என்னும் ஆளுயரப் பிடில். அதை வாசிக்கக் கற்பது ஒரு வித்தை என்றால், கச்சேரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மற்றொரு வித்தை. இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுபோனாலும், எக்காளங்கள் முழங்கத் தொடங்கினால் அதன் குரல் எடுபடாது. கலிபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் செய்து பிழைத்து வந்த லியோ ஃபெண்டர் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். 1951-ஆம் ஆண்டில், உள்ளே குடையாத கெட்டி மரத்தில், மின்சார ஒலிபெருக்கியோடு இணைக்கும்படியாக ஒரு பேஸ் கிதாரைச் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். வீணைக்கு உள்ளது போல் மெட்டுக்களும் வைத்தார். விரல் சிறிது முன்பின்னாக விழுந்தாலும் சுருதி கெடாது. அதனாலேயே அதற்குப் 'பிரிஸிஷன் பேஸ்', அதாவது துல்லியமான பேஸ், என்று பெயர். இதில் வேடிக்கை என்னவென்றால், ஃபெண்டருக்குக் கிதார் வாசிக்கவே தெரியாது!

வாத்தியம் இலேசாகிவிட்டது, பொறுப்பு இலேசாகவில்லை. பேஸ்காரர் இரண்டு எஜமானர்களுக்கு ஏவல் செய்பவர். ஒருவர் தாளம், மற்றொருவர் ஸ்வரம். மத்தளத்தின் பெரிய அடி எங்கே விழுகிறதோ அங்கே அவருடைய விரலும் விழவேண்டும். அதே சமயத்தில், மேலே பலர் சேர்ந்து எழுப்பும் ஸ்வரக்கூட்டத்துக்கு அடித்தளம் இன்னது என்று அவர்தான் காட்டவேண்டும். மேலே அதே ஸ்வரங்கள் ஒலித்துக்கொண்டிருக்க, கீழே பேஸ் மட்டும் ஓர் அடி நகர்ந்துவிட்டால், மகிழ்ச்சியாயிருந்த பாட்டில் சோகம் கவிந்துவிடும். பாடகர் ஓரிடத்தில் தவறினால் ஜனங்கள் மன்னித்துவிடுவார்கள். பேஸ்காரர் தவறினால், மேடையிலுள்ள அனைவரும் தவறியது போல் கேட்கும். சரியாக வாசித்தாலோ, யாரும் கவனிக்கமாட்டார்கள்!

இனி மனிதருக்கு வருவோம். ஜேம்ஸ் ஜேமர்ஸன் 1936-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் தென் கரோலினா மாகாணத்தைச் சேர்ந்த எடிஸ்டோ தீவில், நீக்ரோ என்று அந்நாளில் அழைக்கப்பட்ட கறுப்பு இனத்தில் பிறந்தார். சிறு பிள்ளையாயிருந்தபோது ஒரு குச்சியில் ரப்பரைக் கட்டி, எறும்புப் புற்றில் நட்டு, அதை மீட்டி எறும்புகளை ஆடவைக்க முயன்றாராம். 1954-இல் டெட்ராயிட் நகரத்துக்கு வந்து சேர்ந்தார். மோட்டார் தொழிற்சாலைகள் நிறைந்த நகரம் அது. அங்கே பள்ளிக்கூடத்தில் டபிள் பேஸைக் கற்றுக்கொண்டு, ஜாஸ் கிளப்புகளில் வாசிக்கத் தொடங்கினார்.

அதே நகரத்தில் மோட்டார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் பெர்ரி கார்டி. இவர் 1959-இல் குடும்பத்தாரிடம் எண்ணூறு டாலர் கடன் வாங்கி, இசைத்தட்டுக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். மோட்டார் நகரம் என்பதைச் சுருக்கி அதற்கு 'மோடவுன்' என்று பெயர் வந்தது. மேற்கு கிராண்ட் பூல்வார்டில் 2648-ஆம் எண்ணுள்ள சாதாரண வீடு ஒன்றுதான் அதன் தலைமைக் காரியாலயம். ஒலிப்பதிவு அறையில் கூரையிலிருந்து கம்பிகள் தாறுமாறாகத் தொங்கியபடியால், அங்கே வாசித்தவர்கள் அதைப் 'பாம்புக் குழி' என்று அழைத்தார்கள். வாத்தியக்காரர்களின் அந்தக் கோஷ்டிக்கு 'ஃபங்க் சகோதரர்கள்' என்று பெயர். ஜேமர்ஸன் அதன் அடிநாதமாக அமைந்தார்.

வேலை எப்படி நடந்தது தெரியுமா? பாட்டை அமைத்தவர் பெரும்பாலும் ஸ்வரக்கட்டுகளின் பெயர்களை மட்டும் ஒரு காகிதத்தில் குறித்துக் கொடுப்பார். அதைப் பார்த்த மாத்திரத்தில் தன் பங்கை வாத்தியக்காரரே கற்பனை செய்துகொள்ள வேண்டும். பல சமயங்களில் பாடகர் அங்கே இருக்கமாட்டார். அவர் குரல் பிறகு சேர்க்கப்படும். யார் பாடப்போகிறார், என்ன சொற்கள் என்றுகூடத் தெரியாமலே அஸ்திவாரம் போட்டுவிட்டுப் போகவேண்டியதுதான். பகலெல்லாம் அந்தக் குழியில் உழைத்தவர்கள், இரவில் வாத்தியத்தையும் ஒலிபெருக்கியையும் தூக்கிக்கொண்டு ஜாஸ் கிளப்புக்குப் போய் நள்ளிரவு தாண்டியும் வாசிப்பார்கள். கிளப்பில் வந்த வருமானம் சொற்பந்தான். ஆயினும் மனத்துக்குப் பிடித்ததை வாசிக்க அங்கேதான் சுதந்திரம் இருந்தது. இரவில் கிளப்பில் பிறந்த பிடிகள் மறுநாள் இசைத்தட்டில் ஏறிவிடும். வேறு கம்பெனிக்கு வாசிப்பதற்குத் தடை இருந்தது. இருந்தாலும் 1967-இல் அவர்களில் சிலர் சிகாகோவுக்குப் போய், ஜாக்கி வில்ஸன் பாடிய பாட்டு ஒன்றுக்கு வாசித்துவிட்டு வந்தார்கள். அதுவும் அமெரிக்கா முழுவதும் ஒலித்தது.

ஜேமர்ஸனின் வாத்தியம் 1962-ஆம் ஆண்டில் செய்த ஒரு பிரிஸிஷன் பேஸ். அதற்கு முன் வைத்திருந்தவை திருடு போய்விட்டன. தந்திகள் மிகவும் தடித்தவை. மேலே தட்டையான கம்பி சுற்றியவை. அவற்றை அறுந்தாலொழிய மாற்றமாட்டார். அழுக்குப் போனால் சுவையும் போய்விடும் என்பது அவருடைய சித்தாந்தம்! குதிரைக்கு மேலுள்ள மூடியின் அடியில் ஒரு பஞ்சுத் துண்டு தந்திகளை அழுத்திக்கொண்டிருக்கும். அதனால் நாதம் நீண்டு இழையாமல், உருண்டையாக எழுந்து உடனே அடங்கும். தந்திகளோ மரத்திலிருந்து வெகு உயரத்தில் நிற்கும். மற்றவர்கள் அழுத்திப் பார்த்தால் விரல் நோகும். இப்பேர்ப்பட்ட கருவியை அவர் மீட்டியது வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றினால் மட்டுமே! டபிள் பேஸில் பழகிய பழக்கம் அது. தோழர்கள் அந்த விரலுக்குக் 'கொக்கி' என்று பட்டம் கொடுத்தார்கள்.

அந்த ஒற்றை விரல் செய்த ஜாலத்தை என்னவென்று சொல்வது! அதுவரையில் ஜனரஞ்சகப் பாட்டுக்களில் பேஸ் என்றால், காவல்காரன் உலாத்துவது போல, எண்ணி வைத்த நாலு அடி. ஜேமர்ஸன் அந்தக் காவல்காரனுக்கு நாட்டியம் கற்பித்தார். ஸ்வரத்துக்கு ஸ்வரம் தாவும்போது இடையிலுள்ள அரை ஸ்வரங்களைத் தொட்டுச் செல்வார். எதிர்பார்த்த இடத்தில் அடிக்காமல் ஓர் இழை முன்னே அடிப்பார். ஆனால் தாளம் மட்டும் மயிரிழையும் அசையாது. 1964-இல் டெம்ப்டேஷன்ஸ் குழுவினர் பாடிய 'மை கேர்ள்' என்ற பாட்டு, அவருடைய பேஸ் மட்டும் தனியே ஒலிப்பதோடுதான் ஆரம்பமாகிறது. ஸ்டீவி வொண்டர், மார்வின் கே, ஃபோர் டாப்ஸ், சுப்ரீம்ஸ் என்று அந்தக் கம்பெனியின் புகழ்பெற்ற பெயர்கள் அனைத்துக்கும் கீழே அந்த விரல் நடந்தது. கடலுக்கு அப்பால் இங்கிலாந்தில் பீட்டில்ஸ் கோஷ்டியின் பால் மக்கார்ட்னி அதைக் கேட்டுப் பாடம் கற்றார். யாரிடம் கற்கிறோம் என்பதுதான் அவருக்கு நெடுநாள் தெரியாது.

ஏனென்றால், இசைத்தட்டு உறையில் வாத்தியக்காரர்களின் பெயரே இராது. பாட்டை எழுதியவருக்கு, தட்டு விற்க விற்க உரிமைப் பணம் வந்துகொண்டிருக்கும். வாசித்தவருக்கு அன்றைய கூலி. புகழ் வந்த பிறகு வாரச் சம்பளம். அவர் நிமிஷத்தில் கற்பனை செய்த பேஸ்தான் பாட்டுக்கே உயிர் என்றாலும், அதன் மேல் அவருக்குப் பாத்தியதை கிடையாது. ஜேமர்ஸனுக்குச் சம்பளம் குறைவு என்று சொல்ல முடியாது. மனைவி மக்களுடன் வசதியாகவே வாழ்ந்தார். ஆனால் மனிதனுக்குப் பசி வயிற்றில் மட்டுமா இருக்கிறது?

1970-ஆம் ஆண்டில் மார்வின் கே 'வாட்ஸ் கோயிங் ஆன்' என்ற பாட்டைப் பதிவு செய்தார். ஜேமர்ஸன் இல்லாமல் இது நடவாது என்று நகரமெல்லாம் தேடி, ஒரு கிளப்பில் அவரைக் கண்டுபிடித்து அழைத்து வந்தாராம். ஜேமர்ஸன் அன்று மது மிகுதியால் நாற்காலியில் நிலையாக உட்கார முடியாத நிலையில் இருந்தார். தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டே வாசித்தார் என்கிறார்கள். அந்த வாசிப்பை இன்றும் மாணவர்கள் ஸ்வரம் ஸ்வரமாக எழுதிப் பயிலுகிறார்கள். 1971-இல் வெளியான அந்த இசைத்தொகுப்பின் உறையில் வாத்தியக்காரர்களின் பெயர்கள் அச்சாகியிருந்தன. ஜேமர்ஸனின் பெயரோ 'ஒப்பற்ற' என்ற அடைமொழியோடு இருந்தது. பன்னிரண்டு ஆண்டு உழைப்புக்குப் பிறகு வந்த அடைமொழி!

மறு வருஷமே கம்பெனி லாஸ் ஏஞ்சலீஸுக்குக் குடிபெயர்ந்தது. ஜேமர்ஸனும் பின்னே போனார். அங்கே காலம் மாறியிருந்தது. பளபளக்கும் நாதமுள்ள புதுத் தந்திகளையும், கட்டைவிரலால் தந்தியை அறையும் புது முறையையும் கேட்டார்கள். அவர் பழைய தந்தியையும் ஒற்றை விரலையும் விடவில்லை. பிடிவாதம் என்று சொல்லலாம். சுயமரியாதை என்றும் சொல்லலாம். வேலை குறைந்தது, குடி மிகுந்தது, உடல் நலிந்தது.

1983-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பாஸடீனா நகரில் மோடவுனின் இருபத்தைந்தாம் ஆண்டு விழா கோலாகலமாக நடந்தது. பாடகர்கள் ஒவ்வொருவராக மேடையேறினார்கள். அந்தப் பாட்டுக்களில் எத்தனையோ ஜேமர்ஸனின் விரலில் பிறந்தவை. அவர் எங்கே இருந்தார்? தம் கைக்காசில் டிக்கெட் வாங்கிக்கொண்டு, ஜனங்களோடு ஜனமாக மாடியில் உட்கார்ந்திருந்தார். இதைவிட நீண்ட பிரசங்கம் ஒன்றும் வேண்டுவதில்லை. அதே ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் தேதி, நாற்பத்தேழாம் வயதில், அவர் காலமானார். அதற்குச் சில நாட்களுக்கு முன், அவருடைய அருமை வாத்தியமும் திருடு போயிருந்தது.

பிறகு மாலைகள் வந்தன. நம் ஊரில் மட்டுமல்ல, எங்கும் மாலைகள் பிறகுதான் வருகின்றன. 1989-இல் ஆலன் ஸ்லட்ஸ்கி என்பவர் ஜேமர்ஸனின் வரலாற்றையும் வாசிப்பையும் நூலாக்கினார். 2000-ஆம் ஆண்டில், பக்கவாத்தியக்காரர்களுக்கென்று ராக் இசைப் புகழ் மண்டபத்தில் புதிதாக ஏற்பட்ட வரிசையில் ஜேமர்ஸன் முதல் ஆண்டிலேயே இடம் பெற்றார். 2002-இல் ஃபங்க் சகோதரர்களைப் பற்றித் திரைப்படம் வந்தது. 2004-இல் அவர்கள் கோஷ்டிக்கு வாழ்நாள் சாதனைக்கான கிராமி விருது கிடைத்தது. வாழ்நாள் முடிந்தவர்கள் அவர்களில் அநேகர்.

பேஸ்காரரின் தர்மம் தம்மை மறைத்துக்கொண்டு பாட்டைத் தாங்குவது. அது அவருடைய பெருந்தன்மை. அதையே காரணமாக வைத்து அவர் பெயரை நாமும் மறைப்பது பெருந்தன்மையாகுமா? பெயர் போட ஒரு வரி மையும் ஓரங்குலக் காகிதமும் போதும்.

நேயர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அடுத்த முறை மனத்துக்குப் பிடித்த பாட்டைக் கேட்கும்போது, பாடகரைச் சற்று மறந்துவிட்டு, அடியில் நடந்து செல்லும் அந்தக் கனத்த காலடியை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். பழகிய வீட்டில் இதுவரை நுழையாத ஓர் அறை திறந்தது போலிருக்கும். பிறகு, வாசித்தவர் யார் என்று விசாரியுங்கள். அடுத்த கல்யாணத்தில் ஒத்துக்காரர் கண்ணில் பட்டால், அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: "ஐயா, தங்கள் பெயர் என்ன?"